சைக்கிள் வந்துவிட்டது, வழி வரவில்லை

வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் தட்டில் இட்லியை வைத்துக்கொண்டு, சாப்பிடுவதா, என்னைப் பார்ப்பதா என்று யோசித்துக்கொண்டிருக்கிற அன்பர்களே! முதலில் சாப்பிடுங்கள். நான் எங்கேயும் போகமாட்டேன். (சிரிப்பு)

இன்றைய தலைப்பு, பள்ளிக்கு நடந்தும் சைக்கிளிலும் போகிற பிள்ளைக்கு வழி பாதுகாப்பாக அமைய முதலில் வேண்டியது அரசாங்கத்தின் பணமா, மக்களின் மனமா என்பது. எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் மனம், மனம் என்று உருகிவிட்டார். வண்டி ஓட்டுகிறவன் மனசு வைத்தால் போதும் என்றார். நல்ல மனிதர். அவர் பேசி முடித்ததும் நான் மெதுவாக அவர் காதில் கேட்டேன்: "ஐயா, உங்க பிள்ளை எப்படிப் பள்ளிக்கூடம் போறான்?" "வேன்ல போறான் சார்" என்றார். (சிரிப்பு, கைதட்டல்) வேனில் போகிற பிள்ளைக்கு டிரைவர் ஒருத்தர் மனசு போதும். நடந்து போகிற பிள்ளைக்கு அந்த வழியில் போகிற அத்தனை டிரைவர் மனசும் வேணுமே! அதை யார் போய்ச் சேகரிப்பது?

நான் இந்தக் காரைக்கால் மண்ணில், மண்டபத்தூரில் பிறந்தவன். கடற்கரை ஊர். எங்கள் ஊருக்கு ஒரு விசேஷம் உண்டு. கிழக்கே போனால் கடல் தடுக்கும், மேற்கே போனால் மெயின் ரோடு தடுக்கும். கடலைப் பற்றி எங்களுக்கு பயம் இல்லை, அதன் குணம் தெரியும். ரோட்டின் குணம்தான் இன்றுவரை பிடிபடவில்லை. சிதம்பரம், சீர்காழி, தரங்கம்பாடி, காரைக்கால், நாகப்பட்டினம் என்று போகிற சாலை அது. முன்பு அதற்கு 45ஏ என்று பெயர், இப்போது 32. எண் குறைந்திருக்கிறதே தவிர வேகம் குறையவில்லை. திருநள்ளாற்றுக்குச் சனிப்பெயர்ச்சிக்குப் போகிறவர், நாகூர் தர்காவுக்குப் போகிறவர், வேளாங்கண்ணிக்குக் காவி கட்டி நடந்து போகிறவர், எல்லாரும் அந்த வழிதான். இன்னும் சிலர் பக்கத்து மாநிலத்திலிருந்து காரைக்காலுக்கு வருகிறார்கள். எதற்கு வருகிறார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. (பலத்த சிரிப்பு) வரும்போது நேராக வருவார்கள். திரும்பும்போது அந்தச் சாலையின் இரண்டு பக்கமும் அவர்களுக்கு வேண்டும்.

காரைக்கால் அம்மையார் கயிலாய மலையைக் காலால் மிதிக்கக் கூடாது என்று தலையால் நடந்து போனாராம். பெரியபுராணம் சொல்கிறது. தலையால் நடந்தவர் பிறந்த ஊரில் பிள்ளைகள் காலால் நடக்க மூன்றடி இடம் இல்லை என்றால் அது யாருக்கு வெட்கம்?

ஒரு விஷயம் சொல்கிறேன். சிரிக்கிற விஷயம் இல்லை. எழுபதுகளின் கடைசி. நான் துவக்கப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருப் பையன் ஒருவன், ஆறாவது, மேற்கே பள்ளிக்குப் போகிறபோது மெயின் ரோட்டில் லாரியில் அடிபட்டுப் போய்விட்டான். அவனுடைய பை அன்று சாயங்காலம்தான் வீட்டுக்கு வந்தது. பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். கடைசியில் எல்லாரும் சொன்ன வார்த்தை ஒன்றுதான்: "பையன் குறுக்கே ஓடிட்டாம்பா." அதோடு விவகாரம் முடிந்தது. ஆனால் வேறொன்று தொடங்கியது. அந்த வருஷம் எங்கள் தெருவில் எட்டாவது முடித்த பெண்பிள்ளை ஒருத்தி கூட ஒன்பதாவதுக்குப் போகவில்லை. என் அக்காவும் அதில் ஒருத்தி. என்னைவிட நன்றாகப் படித்தவள். கணக்கில் நூற்றுக்கு நூறு. நான் டாக்டர் பட்டம் வாங்கியதற்கு ஒரு காரணம் நான் ஆண்பிள்ளை, ரோட்டைத் தாண்ட விட்டார்கள். அவ்வளவுதான்.

குறுக்கே ஓடினான் என்கிறோமே, இந்த வழக்கு தமிழ்நாட்டுக்குப் புதிதா? இங்கிருந்து எட்டிப் பார்த்தால் திருவாரூர். அங்கே வீதியில் இளவரசன் தேர் ஓட்டிக்கொண்டு போனான். கன்றுக்குட்டி ஒன்று துள்ளி ஓடி வந்து சக்கரத்தில் விழுந்தது. அன்றைக்கும் அமைச்சர் சொன்னார்: இளவரசர் வேண்டுமென்று செய்யவில்லை, கன்றுதான் உள்ளே புகுந்தது, ஒரு பிராயச்சித்தம் செய்துவிடலாம். மனுநீதிச் சோழன் என்ன செய்தான் என்று உங்களுக்குத் தெரியும். அவன் செய்த தீர்ப்பு சரியா என்பதற்குத் தனிப் பட்டிமன்றம் வைக்கலாம். ஆனால் கன்று மேல் குற்றம் சொல்லவில்லை பாருங்கள், அதுதான் எனக்கு முக்கியம். கன்று துள்ளும். அது கன்றின் குணம். துள்ளுகிற இடத்தில் தேரின் வேகத்தைக் குறைக்க வேண்டியது வீதியை ஆள்கிறவன் வேலை.

வேகம் என்றேன். தமிழ் வாத்தியார் கணக்குச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடும். டிரைவர் பிள்ளையைப் பார்த்து, அடடா என்று நினைத்து, காலை பிரேக்கில் வைப்பதற்குள் ஒரு விநாடி போய்விடுகிறது. அவர் வள்ளலாரைப் போல மனசு உள்ளவராகவே இருக்கட்டும், அந்த 17 மீட்டரை அவர் மனசு திருப்பித் தராது. அதே வண்டி 30-இல் வந்தால் எட்டு மீட்டர் சொச்சம். மோதுகிற ஆற்றலோ, வேகம் பாதியானால் கால்வாசியாகக் குறைகிறது. 2020-இல் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக நாடுகளின் சாலைப் பாதுகாப்பு மாநாடு, நடப்பவரும் சைக்கிளில் போகிறவரும் வண்டியும் கலக்கிற இடத்தில் 30-க்கு மேல் வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் இதுதான்.

30 என்று பலகை எழுதி நட்டால் யார் கேட்பது? ஊர்க்காரர்களே வேகத்தடை போட்டுவிடுகிறோம். எப்படி? ராத்திரியோடு ராத்திரியாக ஒரு சிமெண்டு வரப்பு. குறுகலாக, செங்குத்தாக. லாரி ஏறி இறங்கிவிடும், பின்னால் பிள்ளையை வைத்துக்கொண்டு சைக்கிளில் வருகிற தாய்தான் விழுவாள். முறையான வேகத்தடைக்கு அளவு இருக்கிறது. இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பு வகுத்தது: அகலம் 3.7 மீட்டர், நடுவில் உயரம் 10 சென்டிமீட்டர், வில்லைப் போல வளைவு. அதில் 25 கிலோமீட்டர் வேகத்தில் போனால் முதுகு வலிக்காது, 50-இல் போனால் தலை கூரையில் முட்டும். நடைபாதைக்கும் அதே அமைப்பு அளவு சொல்லியிருக்கிறது: தடையில்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர், ஓர விளிம்பின் உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. நம் ஊர் நடைபாதை சிலவற்றில் ஏற ஏணி வேண்டும். ஏறிவிட்டால் அங்கே டிரான்ஸ்பார்மர் நிற்கும், அதற்கு வழிவிட்டு இறங்க வேண்டும்! (சிரிப்பு) நண்பர்களே, அளவோடு ஒன்றைக் கட்டுவதற்கு என்ன வேண்டும்? மனசா? மதிப்பீடு, ஒப்பந்தம், பணம்!

அரசாங்கம் பணமே கொடுக்கவில்லையா என்று கேட்பீர்கள். கொடுத்திருக்கிறது, மனசாரச் சொல்கிறேன். 1991, 92-இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்க வைத்தார். வங்கிகளிடம் பேசிப் பெண்களுக்குச் சைக்கிள் கடன் வாங்கிக் கொடுத்தார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஆண்கள் ஓட்டுகிற சைக்கிளையே வாங்கினார்கள். அப்புறம் அதுதான் நல்லது என்றார்கள், முன்னால் பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாமே! கேலி செய்தவர்கள் கொஞ்ச நாளில் ஓய்ந்துபோனார்கள். பிறகு தமிழ்நாட்டில் 2001-இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள், 2005 முதல் அரசு, உதவிபெறும் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் என்று விரிந்தது. நம் புதுச்சேரி அரசும் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் கொடுத்திருக்கிறது.

பீகாரைச் சும்மா குறை சொல்வோமே, அங்கே 2006-இல் ஒன்பதாவது சேர்ந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் சைக்கிள் வாங்க 2,000 ரூபாய் கொடுத்தார்கள். கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் அதை ஆராய்ந்தார்கள். உயர்நிலைப் பள்ளியில் சேர்கிற பெண்கள் 32 சதவீதம் கூடியிருந்தார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் இருந்த இடைவெளி 40 சதவீதம் குறைந்தது. அதிலும் பள்ளி 3 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். என் அக்காவின் கதையைத்தான் இந்தப் புள்ளிவிவரம் தலைகீழாகச் சொல்கிறது. தூரம்தான் பெண்பிள்ளையின் படிப்பை நிறுத்துகிறது. தூரத்தைக் குறைத்தால் படிப்பு வருகிறது.

சரி, அக்கா வீட்டுக்கு வாருங்கள். அவளுடைய பேத்திக்குப் பள்ளியில் சைக்கிள் கொடுத்தார்கள். கூடை வைத்த புதுச் சைக்கிள். பார்க்கப் போனேன். பிள்ளை திண்ணையில் உட்கார்ந்திருக்கிறாள், சைக்கிளைக் காணோம். "எங்கே பாப்பா?" என்றேன். "அப்பா மீன் எடுத்துக்கிட்டு மார்க்கெட்டுக்குப் போயிருக்காங்க தாத்தா. எனக்குக் குடுக்க மாட்டேங்கிறாங்க." அக்கா உள்ளேயிருந்து வந்தாள். "நான்தான் தம்பி வேணாம்னேன். மெயின் ரோட்டைத் தாண்டி சைக்கிள்ல போவாளா? எனக்கு நெஞ்சு பதறுது. ஆட்டோவுல விட்டுருக்கோம்." ஆட்டோவுக்கு மாதச் செலவு. அரசாங்கம் கொடுத்த சைக்கிளில் மீன் சவாரி, பிள்ளை ஆட்டோவில் சவாரி. யாரைக் குறை சொல்வீர்கள்? அப்பனையா? பாட்டியையா? அவள் கண்ணில் இன்னும் அந்தப் பை நிற்கிறது.

நடுவர் அவர்களே, என் வாதம் இங்கேதான். சைக்கிளுக்குப் பணம் கொடுத்தோம். சைக்கிள் போகிற வழிக்குப் பணம் கொடுத்தோமா? காலுக்குச் செருப்பு வாங்கிக் கொடுத்துவிட்டு முள்ளுக்காட்டில் விட்டது போல இருக்கிறது.

ஏன் கொடுக்கவில்லை? ரோட்டுக்குச் சொந்தக்காரர் உண்டு, வழிக்குச் சொந்தக்காரர் இல்லை. பேத்தி வீட்டு வாசலில் இறங்குகிற தெரு கொம்யூன் பஞ்சாயத்துக்கு. (வெளியூர்க்காரர்களுக்கு: பிரெஞ்சுக்காரன் 1954-இல் போய்விட்டான், அவன் வார்த்தை எங்களிடம் தங்கிவிட்டது.) அதைத் தாண்டினால் வருகிற சாலை பொதுப்பணித் துறைக்கு. அதைத் தாண்டினால் தேசிய நெடுஞ்சாலை, டெல்லிக்கு. அரை மணி நடையில் மூன்று ராஜ்ஜியம்! பக்கத்து ரோட்டுக்கு ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கை காட்டலாம். மூன்று ரோட்டையும் சேர்த்து ஒரு பிள்ளையின் ஒரே வழி என்று பார்க்கிற கண் எந்த அலுவலகத்திலும் இல்லை.

அந்தக் கண் முதலில் திறந்தது எங்கே தெரியுமா? டென்மார்க்கில். நமக்கு அந்நிய நாடு இல்லை. மண்டபத்தூரிலிருந்து வடக்கே கொஞ்சம் போனால் தரங்கம்பாடி, 1620-இல் டேனிஷ்காரன் கட்டிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. 1845-இல் இங்கிலீஷ்காரனுக்கு விற்றுவிட்டுப் போனான். போனவன் தன் ஊரில் 1976-இல் ஒரு சட்டம் போட்டான்: பிள்ளைகளைப் பள்ளிக்குப் போகிற வழியில் வண்டிகளிடமிருந்து காப்பது போலீசுக்கும் சாலையை வைத்திருக்கிற அமைப்புக்கும் கடமை. ஓடென்சே என்று ஒரு நகரம், குழந்தைகளுக்குக் கதை எழுதிய ஆண்டர்சன் பிறந்த ஊர். அங்கே எஞ்சினியர் வரைபடத்தைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகளிடம் போனார்கள். "நீ எந்த வழியாகப் போகிறாய்? எந்த இடத்தில் பயமாக இருக்கிறது?" என்று கேட்டார்கள். பிள்ளை காட்டிய இடத்தில் வேலை நடந்தது.

அங்கிருந்து இது பல நாடுகளுக்குப் போயிற்று. அமெரிக்காவில் 2005-இல் இதற்கென்றே சட்டம், ஐந்து ஆண்டுக்கு 61 கோடியே 20 லட்சம் டாலர் மானியம். பள்ளியைச் சுற்றி இரண்டு மைலுக்குள் நடைபாதை, கடக்கும் இடம், சைக்கிள் பாதை, வேகத்தைக் குறைக்கும் அமைப்பு. ஊர் தன் பங்காக ஒரு காசு போட வேண்டியிருக்கவில்லை. ஆனால் பிள்ளைகள் எத்தனை பேர் நடக்கிறார்கள், எங்கே ஆபத்து என்று எடுத்துக்காட்டிக் கேட்க வேண்டியிருந்தது. எதிரணி நண்பர் கவனிக்க! அந்தச் சட்டத்தில் ஒரு பங்கீடு இருந்தது. மானியத்தில் 100-க்கு 70 முதல் 90 வரை கட்டுமானத்துக்கு. 10 முதல் 30 வரை சொல்லிக்கொடுக்க, போலீஸ் கண்காணிக்க, பழக்கப்படுத்த. உங்கள் மனசுக்கும் ஒதுக்கியிருக்கிறார்கள் ஐயா, ரூபாய்க்கு முப்பது பைசா! (கைதட்டல்)

நம்மிடம் அப்படி ஒரு தனி மானியம் காரைக்காலுக்கு வருகிறதா? உள்ளாட்சிகளுக்கு மத்திய நிதிக்குழு பரிந்துரைக்கிற மானியம் மாநிலங்களுக்கு உண்டு, யூனியன் பிரதேசம் அந்தக் கணக்கில் சேர்வதில்லை. கவுன்சிலரைக் கேட்கலாம் என்றால், இங்கே 1968-க்குப் பிறகு 2006-இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது, அவர்கள் காலமும் 2011-இல் முடிந்தது. பிறகு எம்.பி. தொகுதி நிதி. 1993-இல் தொடங்கியது, 2011 முதல் ஆண்டுக்கு 5 கோடி. நடைபாதை அதில் அனுமதிக்கப்பட்ட வேலைதான். ஆனால் லோக்சபாவில் நமக்கு ஒரே எம்.பி. புதுச்சேரிக்கும் அவர்தான், நமக்கும் அவர்தான், கேரளாவுக்குப் பக்கத்தில் இருக்கிற மாஹேக்கும் அவர்தான், ஆந்திராவுக்குள் இருக்கிற ஏனாமுக்கும் அவர்தான். பாவம், அவருக்கே ஒரு சைக்கிள் கொடுக்க வேண்டும்! (சிரிப்பு) ராஜ்யசபாவில் ஒருவர் இருக்கிறார், அவரிடமும் நிதி உண்டு. அவரையும் விடக் கூடாது.

கேட்டால் கிடைக்குமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒன்று. சென்னை மாநகராட்சி 2014-இல், போக்குவரத்துக்கு ஒதுக்குகிற பணத்தில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் என்று கொள்கையே எழுதியது. எழுதியபடி எல்லாத் தெருவிலும் நடந்ததா என்று சென்னைக்காரர்கள் சொல்லட்டும். இன்னொன்று, கோவை எலும்பு மருத்துவர் டாக்டர் ராஜசேகரன் 2012-இல் சுப்ரீம் கோர்ட்டில் பொதுநல வழக்குப் போட்டார். உடைந்த எலும்புகளைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்த மனிதர் என்று நினைக்கிறேன். அந்த வழக்கில் 2025 மே 14 அன்று நீதிமன்றம் சொன்னது: நடைபாதையில் நடக்கிற உரிமை, உயிர் வாழும் உரிமையில் அடங்கியது. சலுகை இல்லை, உரிமை! 2022-இல் மட்டும் நம் நாட்டுச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நடந்து போனவர்கள் 32,825. நாளுக்கு 90 பேர். பதினெட்டு வயது ஆகாதவர்கள் 9,528. நாளுக்கு 26 பேர், ஒரு சின்ன வகுப்பறை. அத்தனை பேரும் குறுக்கே ஓடினார்களா?

மணி அடித்துவிட்டார் நடுவர். ஒரு நிமிடம்.

போன மாதம் அக்கா வீட்டில் ஒரு பெரிய வெள்ளைத் தாளை விரித்து, பேத்தியையும் தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேரையும் உட்கார வைத்தேன். டேனிஷ்காரன் செய்ததைச் செய்து பார்ப்போம் என்று. வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரை வழியை வரையச் சொன்னேன். பயமான இடத்தில் சிவப்புப் பேனாவால் புள்ளி வையுங்கள் என்றேன். மெயின் ரோட்டில் வைப்பார்கள் என்று நினைத்தேன். முதல் புள்ளி ஊருக்குள்ளேயே விழுந்தது: விடியற்காலையில் ஐஸ் லாரி நிற்கிற வளைவு, எதிரே வருகிற வண்டி தெரியாது. இரண்டாவது, வெளிச்சமில்லாத மதகு, டியூஷன் முடிந்து வருகிறபோது. மூன்றாவது, மழைக்காலத்தில் ஓரமெல்லாம் தண்ணீர் நின்று சைக்கிள் நடு ரோட்டுக்கு வர வேண்டிய இடம். மெயின் ரோட்டுக்கு நான்காவது, ஐந்தாவது. இதில் மூன்றை லட்ச ரூபாய்க்குள் சரிசெய்துவிடலாம் என்று எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற எஞ்சினியர் ஒருவர் பார்த்துச் சொன்னார். கொம்யூன் ஆணையருக்கு ஒன்று, கலெக்டருக்கு ஒன்று, எம்.பி.க்கு ஒன்று என்று மூன்று பிரதி எடுத்தோம்.

எடுப்பதற்கு முன்னால் அக்கா வந்து அந்தத் தாளை ரொம்ப நேரம் குனிந்து பார்த்தாள். அவள் ஒன்பதாவதுக்குப் போகாத வழி அது. விரலால் தடவிக்கொண்டே போய் மெயின் ரோட்டில் ஓர் இடத்தில் நிறுத்தினாள். பிள்ளைகள் அங்கே ஒன்றும் வைக்கவில்லை. அவர்களுக்கு அது தெரியாது.

"இங்க ஒண்ணு வையிடி" என்றாள் பேத்தியிடம்.

வைத்தாள். ஆறு புள்ளியோடு மனு போயிருக்கிறது.